பிரேசிலும் பால்மரமும்

வணக்கம் ஐயா. என் மகனுக்கு எட்டு வயது. 195 நாடுகளின் தலைநகரங்களையும் தடுமாறாமல் சொல்வான். பலதுறை அறிஞனாக வருவான் என்கிறார்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். நான்கு டியூஷன் போகிறான். இன்னொன்று சேர்க்கலாமா? யூடியூப் தொடங்கலாமா?
ஒரு தகப்பன், செந்தூல்

அன்புள்ள தம்பி,

யூடியூப் வேண்டாம், அதை விடுங்கள். பிள்ளை கெட்டிக்காரன், அதிலும் சந்தேகமில்லை.

ஆனால் மேதைக் குழந்தைகள் பெரும்பாலும் எங்கே தென்படுகிறார்கள்? சதுரங்கம், இசை, கணிதம். வெளியுலகம் அதிகம் தெரியாமலே அங்கே உயரம் போகலாம். எட்டு வயதில் நல்ல வரலாற்றாசிரியன் யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோலாலம்பூரில் 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள், ரோமில் இறையியல் படித்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கப் போனார். சங்கப் பாடலைக் கிரேக்க, லத்தீன் கவிதைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது.

சில நாட்களாக எங்கள் தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின், நினைவாகவே இருக்கிறேன். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் "ஏன் இருட்டிலேயே மரம் வெட்டணும்?" என்று கேட்டேன். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய்விடும், மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும் என்றார். அதோடு விடவில்லை. இது பிரேசில் மரம், 1876-ல் விக்கம் என்பவர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அப்புறம் பேராக்கின் கோலகங்சார் என்று சொல்லிக்கொண்டே போனார். "இந்த மரத்துக்காகத்தான்டா உன் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினா."

என் பாட்டியும் பிரேசிலும் ஒரே கதையில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. எத்தனையோ வருஷம் படித்தேன், அந்தப் பத்து நிமிஷம்போல எதுவும் வாய்க்கவில்லை.

உங்கள் மகனுக்குப் பிரேசிலின் தலைநகரம் தெரியும். தாத்தா வெட்டிய மரம் அங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு "சொல்லித்தர ஆளில்லை" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? எந்த நேரத்தில் வெட்டினால் எவ்வளவு பால் என்று உடம்பால் அறிந்தவர் அவர். உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த இடம் அதுதான்.

சனிக்கிழமை டியூஷனை நிறுத்துங்கள். பையனை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். கேள்வியை அவன் கேட்கட்டும். நீங்கள் நடுவில் போகாதீர்கள்.