அறுநூறு சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்

அன்புள்ள ஐயா,

குறுவை அறுப்பு நேரத்தில் பாபநாசம் பக்கத்திலிருந்து கும்பகோணம் வரை வந்து, மகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தணிந்த குரலில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “தமிழ் இலக்கியம் படிக்க வைத்தது தப்பாகிவிட்டதா?” அன்று கூட்டம் அதிகம் என்பதால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். தப்பாகவில்லை.

அரசு வேலைத் தேர்வுக்காக உங்கள் மகள் வைத்திருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு விளக்கத்துக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று அகர வரிசையில் அறுநூறுக்குக் குறையாமல் அடுக்கியிருக்கிறார்கள். நாளுக்கு ஐம்பது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். நாற்றைப் பறித்து வரப்பில் குவித்துவிட்டு நடவு முடிந்தது என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

முதலில் எந்தத் தேர்வு என்பதைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுவதென்றால் இந்தப் புத்தகமே தேவையில்லை. அங்கே மொழிப் பகுதியின் 100 கேள்விகளும் தமிழ்தான். மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் என்றால் வேண்டும். முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்விகள், ஒவ்வொன்றும் 3 மதிப்பெண். தவறினால் 1 கழியும். அவற்றில் விளக்கத்தைக் கொடுத்து ஒரே சொல்லைக் கேட்பவை ஒரு சில கேள்விகளே. அதற்காக இரவெல்லாம் கண் விழிப்பது வீண்.

ஆட்சி பற்றிய சொற்களை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாமே கிரேக்கத்திலிருந்து வந்தவை. வாலைப் பிடித்தால் தலை தெரிந்துவிடும். ‘க்ரசி’, ‘ஆர்க்கி’ என்று முடிந்தால் ஆட்சி. முன்னால் ‘டெமோ’ வந்தால் மக்கள், ‘தியோ’ கடவுள், ‘ப்ளூட்டோ’ செல்வம், ‘ஜெரண்டோ’ முதியவர், ‘ஆலிக்’ சிலர், ‘மோன்’ ஒருவர், ‘ஆட்டோ’ என்றால் தானே, தன்னுடைய. ‘அன்’ என்றால் இல்லை. ஆகவே அனார்க்கி என்பது ஆள்வார் இல்லாத நிலை. இந்த எட்டுத் துண்டுகளில் எட்டுச் சொற்கள் அடங்கிவிட்டன. கேள்வித்தாளில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பணக்காரர்கள் ஆண்டால் ப்ளூட்டாக்ரசி, உயர்குடியினர் ஆண்டால் அரிஸ்டாக்ரசி, யாராக இருந்தாலும் ஒரு சிலர் கையில் அதிகாரம் இருந்தால் ஆலிகார்க்கி. மூன்றையும் விடைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அதிகாரிகள் ஆளும் ப்யூராக்ரசி மட்டும் பாதி பிரெஞ்சு. ‘ப்யூரோ’ என்றால் எழுதும் மேசை. ஒரு சான்றிதழுக்காக மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இலக்கியச் சொற்களில்தான் உங்கள் மகள் மற்றவர்களை முந்துவாள். ஆந்தாலஜி என்ற சொல்லின் கிரேக்க வேர் ‘பூக்களைத் தொகுத்தல்’. பல புலவர்களின் பாடல்களை ஒன்றாகத் தொகுத்தது எதுவென்று கேட்டால் எட்டுத்தொகை என்று தூக்கத்திலும் சொல்வாள், அதுதான் ஆந்தாலஜி. பாரியை இழந்து அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டுக்குக் கையறுநிலை என்று துறை எழுதிப் படித்திருக்கிறாள்; இறந்தவரை எண்ணி வருந்தும் பாடல் எலிஜி. இழவு வீட்டு ஒப்பாரி, டர்ஜ். கல்லறையில் பொறிக்கும் வாசகம் எபிடாஃப். நடுகல்லில் எழுதிய பெயரை நினைத்துக்கொண்டால் மறக்காது. மேடையில் பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்வது சாலிலக்வி. வள்ளுவர் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மானலாக் அப்படியல்ல; ஒருவரே நீளப் பேசுவார், கேட்பவர் எதிரில் இருக்கலாம்.

பயாகிராஃபி, ஆட்டோபயாகிராஃபி இரண்டும் குழம்புகின்றன என்றாள். உங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சாமிநாதையர் இரண்டையும் எழுதியிருக்கிறார். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை எழுதியது பயாகிராஃபி. ‘என் சரித்திரம்’ ஆட்டோபயாகிராஃபி. ஆட்டாக்ரசியில் பார்த்த அதே ‘ஆட்டோ’தான் இங்கேயும். தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கிருக்கும் ஓலைச்சுவடிகளைப் பார்த்தால், கையால் எழுதியது என்ற பொருளுள்ள மேனுஸ்கிரிப்ட் தானாகவே மனத்தில் தங்கும்.

இனி செய்ய வேண்டியது: ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். அதன் கீழே அதிலிருந்து பிறந்த சொற்கள், எதிரே அவளுக்குத் தெரிந்த தமிழ் உதாரணம். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கும் தனியாகக் கேள்வி வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். பழைய கேள்வித்தாள்களில் வந்த சொல் எந்தப் பக்கத்திலும் அடங்காவிட்டால், கடைசியில் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். அப்படி மிஞ்சுபவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

உங்களுக்கும் ஒன்று. சாயங்காலம் வயலிலிருந்து திரும்பியதும் “இன்றைக்கு எத்தனை சொல் முடித்தாய்?” என்று கேட்காதீர்கள். வேண்டுமானால் ஒரு சொல்லுக்குக் கதை கேளுங்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே பதியும்.

சம்பா நடவு முடிந்ததும் இருவரும் வாருங்கள். தடித்த புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும். நோட்டை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.