வேதியியல் மாணவருக்கு ஜெர்மனா, ஜப்பானியமா?

வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஜெர்மன் எடுப்பதா ஜப்பானியம் எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு ஜெர்மனுக்கு.

புதிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு இரண்டுமே கட்டாயமில்லை, பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆனால் கரிமச் சேர்மங்களுக்கான பைல்ஸ்டைன் கையேடு 1881இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஜெர்மனில்தான் வந்தது. ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும் பழைய முறை ஒன்றைத் தேடிப் போனால் இன்றும் அங்கே போய் நிற்க வேண்டிவரும். சொற்களும் உங்களுக்குப் பிடிக்கும் பாருங்கள்: ஹைட்ரஜன் அவர்களுக்கு 'வாஸர்ஷ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள். ஆக்சிஜன் 'ஸவர்ஷ்டோஃப்', அமிலப்பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று வேதியியலாளர் லவாய்சியே காலத்தில் இருந்த நம்பிக்கை அந்தப் பெயரில் அப்படியே உறைந்திருக்கிறது!

அப்புறம் மேற்படிப்பு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. முதுகலை வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வீடு தேட, வேலை தேட ஜெர்மன் தெரிந்தால் பெரிய பலம்.

ஜப்பானியத்தில் அன்றாடம் புழங்கும் 'கான்ஜி' எனும் சீன வழி எழுத்துகளே 2136. ஆய்வகப் பதிவேடும் தேர்வுமாக ஓடும்போது அது கடினம். அங்கேயே போய் ஆய்வு செய்யத் தீர்மானித்துவிட்டீர்கள் என்றால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள், ஜப்பானியமே எடுங்கள்.