ஆமைக் காசு அசல்தானா?

கேள்வி: கிரேக்கத்தின் ஈஜினாத் தீவில் பழங்காலத்தில் அடித்த, ஆமை பொறித்த வெள்ளி ஸ்டேட்டர் நாணயம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடை 10.6 கிராம், விளிம்பில் பச்சைப் புள்ளிகள். வாங்கலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். இதன் முழு எடை சுமார் 12.2 கிராம். ஒன்றரை கிராம் தேய்ந்திருந்தால் ஆமையின் முதுகே வழவழத்துப் போயிருக்கும். பச்சை, செம்பின் களிம்பு. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசாக இருக்கலாம்.

0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடாவிட்டால் கணக்கு தப்பும். தராசு காட்டும் எண்ணால் 10.6-ஐ வகுங்கள்; கிடைப்பது காசின் அடர்த்தி. 10.3-ஐ ஒட்டி வந்தால் வெள்ளி. 9-ஐ ஒட்டினால் உள்ளே செம்பு. அரம் போட்டுப் பார்க்கவே கூடாது!

செம்பென்றாலும் இன்றைய போலி என்று சொல்லிவிட முடியாது. போர்த்திய காசுகளைப் பழங்காலத்திலேயே அடித்தார்கள். ஆனால் அதற்கு வெள்ளிக் காசின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.