'ஹைப்போ' என்றால் குறைவு மட்டும்தானா?

கேள்வி: 'ஹைப்போ' என்ற முன்னொட்டுக்குக் 'குறைவு' என்று பொருள் படித்திருக்கிறேன். அப்படியானால் செங்கோண முக்கோணத்தின் மிக நீளமான பக்கத்துக்கு 'ஹைப்பாட்டனியூஸ்' என்று பெயர் வந்தது எப்படி? மூளையின் ஹைப்போதலாமஸில் என்ன குறைவு? பெயர் வைத்தவர்கள் தவறிவிட்டார்களோ?

பதில்: பெயர் வைத்தவர்கள் தவறவில்லை. உங்களுக்குப் பாதிப் பொருளை மட்டும் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் தவறினார்கள். கிரேக்கத்தில் இந்தச் சொல்லின் முதற்பொருள் 'கீழே', 'அடியில்'. அது இடத்தைக் குறிப்பது. குறைவு என்பது அதிலிருந்து பின்னால் கிளைத்த பொருள்.

செங்கோணம் உச்சியில் வரும்படி ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். கர்ணம் அந்தக் கோணத்துக்கு அடியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு கிடக்கும். 'அடியில் நீள்வது' என்பதே ஹைப்பாட்டனியூஸின் நேர்ப்பொருள். அது மற்ற இரு பக்கங்களைவிடப் பெரியதா, சிறியதா என்ற பேச்சே அந்தப் பெயரில் இல்லை. மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பது ஹைப்போதலாமஸ். தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்துவது ஹைப்போடெர்மிக் ஊசி. ஆய்வுக்கு அடித்தளமாக வைக்கப்படுவது ஹைப்போதீசிஸ், அதாவது கருதுகோள். (மூளையிலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே வரும் 'ஹிப்போ' குதிரையைக் குறிப்பது. கடற்குதிரை போன்ற வடிவத்தால் வந்த பெயர்.)

இடத்தைச் சொன்ன சொல் அளவைச் சொல்லத் தொடங்கியதில் வியப்பில்லை. 'நூற்றுக்கு மேல்', 'பத்துக்குக் கீழ்' என்று நாமும்தானே சொல்கிறோம்? வடமொழியின் 'உப', 'உபரி' இரண்டும் கிரேக்கத்தின் 'ஹைப்போ', அதற்கு எதிரான 'ஹைப்பர்' (மேலே) ஆகியவற்றோடு ஒரே மூலத்தில் பிறந்தவை. 'உபரி' அங்கே 'மேலே' என்று இடத்தைக் காட்டியது. தமிழுக்கு வந்தபின் 'தேவைக்கு மிஞ்சியது' ஆகிவிட்டது. கிரேக்கச் சொற்கள் நடந்ததும் இதே வழியில்தான். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. வேதியியலில், குளோரஸ் அமிலத்தைவிட ஓர் ஆக்சிஜன் அணு குறைந்தது ஹைப்போகுளோரஸ் அமிலம்.

எனக்கு உண்மையான கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. நீரிழிவு உள்ளவருக்கு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா நேர் எதிரானது. அதற்கு இன்சுலின் தேவைப்படலாம். முன்னதில் இருப்பவருக்கு, பெயர்க் குழப்பத்தால் இன்சுலினைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. காதில் ஏறத்தாழ ஒன்றாக விழும் இரு சொற்களை நம்பி இப்படி ஒரு முடிவை எடுக்கவிடக் கூடாது. மருத்துவம் எழுதுகிறவர்கள் 'சர்க்கரைத் தாழ்வு', 'சர்க்கரை மிகை' என்றே எழுதட்டும். நம் இதழில் இனி அப்படித்தான் அச்சாகும்.