மறு: வாழைத் தோட்டத்தில் யானை, சோலார் வேலி நிற்கவில்லை

அண்ணா, சோலார் வேலியை யானை சாய்த்துவிட்டது, மெயின் லைனிலிருந்தே கம்பிக்கு கரண்ட் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அங்கேயே தவித்து நின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதே கம்பியைத் தொடலாம்.

சோலார் வேலி ஏன் நிற்கவில்லை என்றால், யானையின் தந்தத்தில் ஷாக் ஏறாது. அதை வைத்தே கம்பியை இழுக்கும், கம்பத்தைத் தள்ளும். அதனால் சோலாரிலேயே தொங்கு வேலி போடுங்கள்: மேலே ஒரு கம்பி, அதிலிருந்து விழுது மாதிரி தொங்கும் கம்பிகள். கம்பம் உள்ளே தள்ளி நிற்பதால் தும்பிக்கைக்கு எட்டாது. செடிகொடி உரசினால் கரண்ட் மண்ணில் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை வெட்டுங்கள். அப்புறம், விழுந்த வாழையை அகற்றும் முன் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவை உடனே கொடுங்கள்.