பசி ஹார்மோன் கொடுத்தால் கோழிக்குஞ்சு ஏன் தின்பதை நிறுத்துகிறது?

கிரெலின் என்றாலே 'பசி ஹார்மோன்' என்று படித்துவிட்டு வருவதால் எழும் குழப்பம் இது. மனிதரிலும் எலியிலும் அது பசியைத் தூண்டும். குஞ்சின் மூளைக்குள் செலுத்தினாலோ தலைகீழ்: தீவனம் எடுப்பது குறைந்துவிடும். அங்கே அது சிஆர்எஃப் என்ற மன அழுத்த ஹார்மோனின் பாதையைக் கிளப்பிவிடுகிறது. அந்தப் பாதைதான் பசியை அடக்குகிறது. கிரெலின் முன்வயிற்றில் (பறவையின் சுரப்பி இரைப்பையில்) சுரப்பது, பட்டினியில் கூடுவது எல்லாம் பாலூட்டிகளைப் போலத்தான். வேலை மட்டும் வேறு.

குஞ்சைத் தின்ன வைப்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள நியூரோபெப்டைடு ஒய் என்ற வேதிப்பொருள். 'போதும்' என்று சொல்வது குடலில் இருந்து வரும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன். பாலூட்டிகளில் பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனை இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோழியில் அது கொழுப்பின் அளவைச் சொல்லும் ஹார்மோனாக வேலை செய்வதில்லை.

பண்ணையில் இந்த ஹார்மோன்களை ஊசியில் ஏற்ற வழியில்லை, தேவையும் இல்லை. உங்கள் கையில் இருப்பது குஞ்சின் மன அழுத்தத்தைக் குறைப்பதுதான். முதல் நாள் புரூடரில் (குஞ்சுகளைச் சூடாக வைக்கும் அமைப்பில்) 32–34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், தீவனத் தட்டுப் பக்கமே வராது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும்தான், அதை நம்பித் தீவனத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

குஞ்சுகளைப் புரூடரில் விட்டு 24 மணி நேரம் கழித்துக் கழுத்தடி இரைப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். கூழ்போல் மெத்தென்று இருந்தால் சரி. கல்லாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. நீர்ப்பலூன் போலிருந்தால் தீவனத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.