வெளிநாட்டில் இறந்தவரின் உடல் ஊர் வந்து சேர: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஷார்ஜாவிலும் அப்புறம் திருச்சியிலுமாக இருபது வருடம் ஏர் கார்கோ வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணன் சவுதியில் மாரடைப்பில் இறந்து ஒன்பது நாளாகிறது. "பேப்பர் வேலை நடக்கிறது" என்றே கம்பெனி சொல்கிறது. எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பட்டுக்கோட்டை)

முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். நோட்டரி கையெழுத்துடன் குடும்பத்தின் ஒப்புதல் கடிதம் போய்விட்டதா? உடலை ஊருக்கு அனுப்பலாம், அங்கே இன்னார் பொறுப்பேற்பார் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். அண்ணி ஒரு ஆளையும் அப்பா வேறொரு ஆளையும் எழுதி அனுப்பி, அதனாலேயே வாரக்கணக்கில் பிணவறையில் கிடந்த உடல்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் பேசி ஒரே கடிதமாக அனுப்புங்கள். பெயரின் எழுத்தும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் இறப்பு அறிக்கை, விபத்து அல்லது தற்கொலை என்றால் போலீஸ் அறிக்கை, இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இவை இருந்தால்தான் இந்தியத் தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று தரும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, உடலைத் தயார் செய்து ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. கம்பெனி நழுவினால் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதியுங்கள். கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள். வேறு வழியே இல்லாத குடும்பங்களுக்காக, 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

அவரைச் சரக்கோடு சரக்காகப் போட்டுவிடுவார்களா? எடை போட்டுக் காசு வாங்குவார்கள் என்கிறார்களே? (பரமக்குடி)

அம்மா, விமானத்தின் கீழ்த்தளத்தில்தான் வருவார். ஆனால் ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டில் இதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. உணவுப் பொருளோடும் உயிருள்ள விலங்குகளோடும் ஒட்டி வைக்க மாட்டார்கள். உறவினர் ஒருவர் அதே விமானத்தில் டிக்கெட் எடுத்து உடன் வரலாம்.

எடை போடும் வழக்கம் இருந்தது உண்மை. இறந்தவரைத் தராசில் வைப்பதா என்று வளைகுடா இந்தியர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2019 ஜனவரியில் ஏர் இந்தியா, அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 750 என்று ஒரே கட்டணம் வைத்தது. இப்போதைய கட்டணத்தை அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி சாவில் சந்தேகம் இருக்கிறது. உடல் இங்கே வந்ததும் மறுபடி போஸ்ட்மார்ட்டம் செய்யலாமா? (அரியலூர்)

செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விமானத்தில் ஏற்றும் முன் எம்பாமிங் செய்வார்கள். அதாவது, ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். ரத்தத்தின் இடத்தில் ஃபார்மலின் வந்துவிட்டால், ஆல்கஹாலையும் சயனைடு போன்ற சில விஷங்களையும் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது. எலும்பு முறிவும் காயங்களும் தெரியும். விஷம் என்று சந்தேகம் என்றால் இங்கே வந்தபின் கேட்பது தாமதம்தான்.

ஆகவே எம்பாமிங்குக்கு முன்பே, இன்றைக்கே, அந்த நாட்டுப் போலீசுக்கும் தூதரகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ரத்த மாதிரியும் உள்ளுறுப்பு மாதிரியும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உடல் வர நாலு நாள் கூடுதலாகும். அந்த நாலு நாள் வலி எனக்குத் தெரியும். இருந்தாலும் காத்திருங்கள் என்றே சொல்வேன்.

திருச்சிக்கு வருகிறது. நாங்கள் எங்கே போய் நிற்க வேண்டும்? (முத்துப்பேட்டை)

பயணிகள் வெளியே வரும் வாசலில் அல்ல, கார்கோ வளாகத்தில். விடிய விடிய தப்பான வாசலில் அழுதுகொண்டு நின்ற குடும்பங்கள் பல.

விமான நிலையச் சுகாதார அதிகாரி அனுமதி தந்தால்தான் பெட்டி வெளியே வரும். 2023 ஆகஸ்டிலிருந்து அதற்கு 'இ-கேர்' என்ற மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, பெட்டி சீல் வைத்த சான்று, தூதரகக் கடிதம், ரத்தான பாஸ்போர்ட்டின் நகல், ஏர்வே பில் எல்லாவற்றையும் விமானம் கிளம்பும் முன்பே அதில் ஏற்றிவிடுங்கள். சுங்க வரி கிடையாது. பெட்டியோடு நூறு கிலோவைத் தாண்டும். அதனால் வண்டியும் தூக்க ஆறு பேரும் தயாராக இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்து குளிப்பாட்டலாமா? (கீழக்கரை)

முகம் பார்க்கலாம். திறக்கும்போது ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். காற்றோட்டமான இடத்தில் திறந்து, பச்சைக் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். நாள்பட்ட உடல் என்றால் குளிப்பாட்ட வேண்டாம். சடங்கில் அதற்கு மாற்று என்ன என்று உங்கள் பள்ளிவாசலில் கேளுங்கள். தகனம் செய்பவர்களுக்கு ஒன்று: துத்தநாகத் தகடு அடித்த பெட்டியோடு மின்மயானத்துக்குள் அனுப்பக் கூடாது.

அஸ்தியைக் கைப்பையில் கொண்டுவரலாமா? (சென்னை)

பெரும்பாலான விமானங்களில் முடியும். இறப்புச் சான்றும் தகனச் சான்றும் கையில் இருக்கட்டும். எக்ஸ்ரே ஊடுருவாத கனத்த உலோகக் கலயம் வேண்டாம், மரப் பெட்டி நல்லது.

வி.ஏ.ஓ. இறப்புச் சான்றிதழ் தர முடியாது என்கிறார். (ராமநாதபுரம்)

அவர் சொல்வது சரிதான். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வெளிநாட்டில் இறந்த இந்தியருக்குத் தூதரகம் பதிந்து தரும் சான்றே இங்கும் செல்லும். வாரிசுச் சான்றிதழுக்கு அதைத்தான் வைக்க வேண்டும். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

கூடவே, இறந்தவர் வெளிநாட்டு வேலைக்கான 'எமிக்ரேஷன் கிளியரன்ஸ்' எனும் அரசு அனுமதி பெற்றுப் போனவரா என்று பாருங்கள். அப்படியானால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்திருப்பார். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. காப்பீடு நடப்பில் இருந்து, இறப்பு விபத்தால் நேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் உண்டு, இடையில் கம்பெனி மாறியிருந்தாலும் கிடைக்கும். அந்தக் காகிதம் பெரும்பாலும் அவர் ஊரில் விட்டுப்போன பெட்டியில், பழைய விசா நகலோடு இருக்கும்.